ஆளில்லாத பிளாட்போம்

பிள்ளைகளே, எங்கள் படப்பிடிப்புச் சங்கத்தின் கண்காட்சி மலருக்கு ஒரு கட்டுரை தாருங்கள் அங்கிள் என்று கேட்டீர்கள். தலைப்பையும் கையோடு தந்துவிட்டீர்கள்: ‘நான் தவறவிட்ட படங்கள்.’ முப்பது வருஷத்துக்கு மேல் ரயிலைப் படம் பிடித்துச் சீவித்தவனிடம் வேறென்ன கேட்பது? பழைய நீராவி இயந்திரம், கடைசியாக ஓடிய மரப்பெட்டி என்று ஒரு பட்டியல் வரும், பக்கத்தில் என் படத்தைப் போட்டு அழகாக அச்சடித்துவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள்.

அப்படியும் ஒன்று இருக்கிறது. முதலில் அதை வாங்கிக்கொள்ளுங்கள். பேலியகொடைப் பக்கம் களனி ஆற்றுப் பாலத்தால் ஒரு நீராவி இயந்திரம் வருகிறது என்று கேள்விப்பட்டு, விடியற்காலையில் போய் முழங்கால் சேற்றில் நின்றேன். வெயில் ஏறியது. இயந்திரத்தைக் காணவில்லை. பொழுது போகாமல் ஆற்றில் நின்ற ஒரு கொக்கைப் படம் எடுத்தேன். அதோடு பிலிம் முடிந்தது. புதுச் சுருளைப் போட்டுக்கொண்டிருக்கும்போது பாலத்தில் புகை தெரிந்தது. கமெராவை மூடி நிமிர்வதற்குள் கடைசிப் பெட்டியும் போய்விட்டது. அந்தக் கொக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. உங்கள் கமெராக்களில் பிலிம் இல்லை, ஆனால் பற்றரி இருக்கிறது. கடைசிக் கோட்டில் இருக்கும்போது கொக்கைப் பார்க்காதீர்கள்.

இதெல்லாம் சொல்லிச் சிரிக்கிற கதை. இப்படியான படங்களை நினைத்து நான் ஒருநாளும் சாப்பாட்டைத் தள்ளி வைத்ததில்லை. உங்கள் தலைப்புக்கு உண்மையாக எழுதுவதென்றால் வேறொன்றைத்தான் எழுத வேண்டும். அதை மலரில் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

நான் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் கலண்டருக்காக எடுத்தவை. கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகம் எனக்கு வருஷா வருஷம் வேலை தந்தது. அங்கே படங்களைத் தெரிவு செய்தவர்தான் எனக்குத் தொழில் பழக்கினவர் என்று சொல்லலாம். பெயர் வேண்டாம். குணத்தில் நல்லவர், வாயில் பொல்லாதவர். முதல்முறை நான் கொண்டுபோன மருதானை ஸ்டேசன் படத்தைப் பார்த்துவிட்டு, அதில் நின்ற நாலு பேரையும் விரலால் ஒவ்வொருவராகத் தொட்டார்.

"இவை ஆர்? உம்மட சொந்தக்காரரோ?"

"இல்லை, சும்மா நிண்ட சனம்."

"இது ஒரு மாசம் முழுக்க ஒருத்தன்ர வீட்டுச் சுவரில தொங்கப்போற படம். பத்து நாளில அவனுக்கு இந்த முகங்கள் அலுத்துப்போகும். இருபதாம் நாள், இவை ஆர் எங்கட வீட்டுக்குள்ள எண்டு கேப்பான். ஆளில்லாமல் எடுத்துக்கொண்டு வாரும்."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. அவரே மெல்லிய தூரிகை ஒன்று வைத்திருந்தார். தப்பித் தவறி யாராவது படத்துக்குள் நின்றுவிட்டால் அந்த ஆளின்மேல் சுவரையோ வானத்தையோ பூசிவிடுவார். பூசி முடிந்ததும் ஒருதரம் ஊதுவார். அவ்வளவுதான், அந்த ஆள் அங்கே ஒருபோதும் நின்றதில்லை.

எனக்குத் தூரிகை பிடிக்காது. ஆகவே காத்திருக்கப் பழகினேன். பிளாட்போமில் கடைசி ஆளும் ஃபிரேமை விட்டுப் போகும்வரை விரலை அசைக்க மாட்டேன். பிலிம் வீணாக்கக் கூடாது என்பதால் ஆள் நிற்கும்போது ஒன்று, போனபின் ஒன்று என்றெல்லாம் எடுக்கிற வழக்கமும் இல்லை. எனக்குத் தேவையான நேரத்துக்குள் யாராவது போகாமல் இருந்தால் விலகச் சொல்வேன். சிங்களத்தில் சொல்வேன். ஸ்டேசன்களில் படம் எடுக்க எனக்குத் தந்திருந்த பாஸ், பெரிய முத்திரையோடு கழுத்தில் தொங்கும். சொன்னவுடன் விலகுவார்கள். என் மரியாதையான பேச்சுக்குத்தான் விலகுகிறார்கள் என்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. வெள்ளவத்தை லொட்ஜுகளில் தங்கியிருந்த யாழ்ப்பாணத்துப் பொடியன்கள், அடையாள அட்டையோடு பொலிஸ் பதிவுத் துண்டையும் சேர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். அது இல்லாவிட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு முன்னால் கழுத்தில் முத்திரையோடு ஒரு மனிதன் வந்து சிங்களத்தில் விலகச் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. நானும் தமிழன்தான், நானும் வெள்ளவத்தையில்தான் குடியிருந்தேன். பாஸைக் கழுத்தில் போட்டால் அது எனக்கு மறந்துபோகும்.

அந்தக் காலை நான் போனது வெள்ளவத்தை ஸ்டேசனுக்கு. இரவு முழுக்க மழை. விடிந்ததும் வானம் வெளித்து, ஈரமான பிளாட்போமில் வெயில் விழுந்திருந்தது. கோட்டைக்குப் போகும் ரயில் நிற்கிற, கடல் பக்கத்துப் பிளாட்போமின் வடக்குக் கோடியில் கமெரா ஸ்டாண்டை நிறுத்தினேன். எதிரே தெகிவளைப் பக்கமிருந்து தண்டவாளம் வளைந்து வருகிறது. வலது பக்கம் கடல். நடுவே அமர்வதற்கு ஒரு மர வாங்கு. காலை ரயில்களில் ஒன்று அப்போதுதான் போயிருந்ததால் சனம் இல்லை. வாங்கில் மட்டும் ஒரு பொடியன் இருந்தான். சிவப்புக் கட்டம் போட்ட சட்டை. கடல், ஈரம், சாம்பல் நிறச் சீமெந்து எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தச் சிவப்பு கண்ணைக் குத்தியது.

"மல்லி, பொட்டக் அயின் வென்ன," என்றேன். தம்பி, கொஞ்சம் விலகுங்கோ.

அவன் துள்ளி எழுந்தான். கையிலிருந்த ஃபைலையும் குடையையும் எடுக்கப் போனான். அவை இருக்கட்டும் என்று கையைக் காட்டினேன். வெறும் வாங்கை விட அதில் ஒரு குடை இருந்தால் படம் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவன் எங்கே போவது என்று தெரியாமல் நின்றான். எனக்குப் பின்னால் வரும்படி காட்டினேன். வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

மூன்று படம் எடுத்தேன். முதலாவது, வளைவில் ரயில் வரும்போது. இரண்டாவது, ரயில் பிளாட்போமில் நிற்கும்போது. மூன்றாவது, ரயில் போய், இறங்கின சனமும் கலைந்து, ஒன்றுமில்லாத தண்டவாளத்தோடு. மூன்றாவதை எடுத்ததும் குனிந்து லென்ஸைக் கழற்றித் துடைத்து, ஸ்டாண்டை மடக்கிப் பைக்குள் போட்டேன். நிமிர்ந்து பின்னால் பார்த்தபோது யாரும் இல்லை. பிளாட்போம் அந்த இடத்தோடு முடிகிறது. அதற்கப்பால் தண்டவாளமும் கருங்கல்லும் அலையும்தான். நடந்து போகிற சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. அப்போது அதை ஒரு விஷயமாக எடுக்கவில்லை. வாங்கைக் கடந்துதான் வெளியே வந்தேன். குடை அங்கே இருந்ததா இல்லையா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. படம் எடுத்து முடிந்த பிறகு எனக்கு அது வாங்கே இல்லை.

முதலாவது படம் அடுத்த வருஷக் கலண்டரில் ஜூன் மாதத்துக்கு வந்தது. நன்றாகவும் வந்தது.

அந்த ஜூன் முடிவதற்குள் ஒரு பின்னேரம் கதவு தட்டப்பட்டது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கொட்டாஞ்சேனையில் ஒரு புடவைக்கடையில் கணக்குப் பார்க்கிறாளாம். பெயர் வதனி. அச்சகத்தில் விசாரித்து என் முகவரியை வாங்கியிருந்தாள். சுருட்டிக்கொண்டு வந்த கலண்டரை மேசையில் விரித்து, சுருளாமல் இருக்க இரண்டு பக்கமும் கைகளை ஊன்றிக்கொண்டாள்.

"இந்தப் படம் நீங்கள் எடுத்ததோ, அண்ணை?"

"ஓம்."

"இது என்ர குடை."

சிரித்தேன். கறுப்புக் குடை, கொழும்பில் ஆயிரம் இருக்கும். அவள் சிரிக்கவில்லை.

"வடிவாப் பாருங்கோ. கைபிடி உடைஞ்சு சிவப்பு நூல் சுத்தியிருக்கு. நான்தான் சுத்தினனான். என்ர தம்பி வெள்ளவத்தையில லொட்ஜில நிண்டவன். முதல் நாள் பின்னேரம் என்னைப் பாக்க வந்தவன், மழை எண்டு இதைக் குடுத்து விட்டனான். அடுத்த நாள் காலமை கோட்டைக்கு வாறன், ரெண்டு பேருமாப் போய் வெளிநாட்டு அலுவல் பாப்பம் எண்டு சொன்னவன். நான் கோட்டை ஸ்டேசன் வாசல்ல மத்தியானம் மட்டும் நிண்டனான். ஆள் வரேல்லை."

"பிறகு?"

"பிறகும் வரேல்லை. ஒரு வருஷமாகுது. போய்க் கேக்கிற இடங்களில, உம்மட தம்பி கொழும்புக்கே வரேல்லை எண்டு சொல்லுகினம். பதிவில பேர் இல்லையாம். வந்தவன் எண்டதுக்கு என்ன அத்தாட்சி எண்டு கேக்கினம். இந்தக் குடை அவனிட்டை ஒரு இரவும் ஒரு காலமையும்தான் இருந்தது, அண்ணை. அப்ப இந்தப் படம் அந்தக் காலமைதான்."

பிலிம் உறைகளில் நான் திகதி எழுதி வைப்பேன். எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்ன திகதியேதான்.

"குடை மட்டும் அத்தாட்சிக்குக் காணாதாம். ஆரின்ர குடையும் ஆரிட்டையும் இருக்கலாமாம். நீங்கள் வேற படங்களும் எடுத்திருப்பீங்கள்தானே? அவன்ர முகம் விழுந்தது ஒண்டு? ஒண்டு போதும்."

தன் கைப்பையிலிருந்து ஒரு பாஸ்போட் சைஸ் படத்தை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"இதைக் காட்ட முதல், நீங்கள் கண்ட ஆள் எப்பிடி இருந்தவர் எண்டு சொல்லுங்கோ. காட்டின பிறகு சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டினம்."

கெட்டிக்காரி. மூக்கு எப்படி, மீசை இருந்ததா, கண்ணாடி போட்டிருந்தானா, ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். அந்த வாங்கில் எத்தனை பலகை என்று கேட்டால் சொல்லியிருப்பேன். "சிவப்புக் கட்டம் போட்ட சேட்," என்றேன் கடைசியாக.

அவள் கண் கலங்கிவிட்டது. "நான் வாங்கிக் குடுத்தது," என்றாள். பிறகு படத்தைத் திருப்பிக் காட்டினாள். எனக்கு அது முன்பின் தெரியாத முகம்.

பிலிமைத் தேடிப் பார்க்கிறேன், இரண்டு கிழமை கழித்து வாருங்கள் என்று அனுப்பினேன். உறை கையில்தான் இருந்தது. அவளுக்கு முன்னால் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அவள் போனபின் அந்த மூன்று படங்களையும் வெளிச்சப் பெட்டியில் வைத்து உருப்பெருக்கியால் பார்த்தேன். ஆள் இல்லை. இருக்காது என்று தெரியும். ஒரு பைத்தியக்கார நம்பிக்கையில் மற்ற உறைகளையும் இழுத்துப் போட்டேன், அவன் வேறு ஏதாவது ஒரு நாளில் ஏதாவது ஒரு ஸ்டேசனில் நின்றிருக்கக் கூடாதா என்று. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, மருதானை, தெமட்டகொடை யார்ட். பிள்ளைகளே, அன்றைக்குத்தான் என் படங்களை முதன்முதலாக நான் பார்த்தேன். இருபது வருஷத்துக் கொழும்பு அது. ஒரு மனிதன் இல்லை. பாதி குடித்த தேத்தண்ணிக் கிளாஸ் வாங்கில் இருக்கிறது, குடித்தவன் இல்லை. ஈரப் பிளாட்போமில் வெறுங்கால் தடம் ஃபிரேமின் ஓரம்வரை போகிறது, நடந்தவன் இல்லை. ரயில் கதவில் ஒரு துணிப்பை தொங்குகிறது. ஒரு ஊரில் இருந்த எல்லோரையும் யாரோ ஒரே நாளில் கூட்டிக்கொண்டு போன மாதிரி. இவ்வளவு பேரையும் வெளியே அனுப்பினவன் நான். விளக்கைப் போட்டுக்கொண்டு அறைக்குள் போக, என் வீட்டிலேயே எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் அந்த மூன்றாவது படத்தைத் திரும்ப எடுத்தேன். ரயில் போனபின் எடுத்தது. வாங்கில் குடையும் ஃபைலும் அப்படியே கிடக்கின்றன. காலை வெயில் இடது பக்கத்திலிருந்து வருவதால், வலது கீழ் மூலையில் என் நிழல் நீளமாக விழுந்திருக்கிறது, ஸ்டாண்டின் மூன்று காலோடு. நிழலை எந்தப் படப்பிடிப்பாளனும் பார்க்கமாட்டான். அச்சகத்தில் வெட்டிவிடுவார்கள் என்று விட்டுவிடுவான். நானும் விட்டிருந்தேன். இப்போது உருப்பெருக்கியை அதன்மேல் வைத்தேன்.

என் நிழலுக்கு இரண்டு தலை இருந்தது.

ஒன்று கமெராவில் குனிந்திருக்கிறது. மற்றது அதற்குக் கொஞ்சம் பின்னால், நிமிர்ந்து, நேராக. தோளும் கையும் என் நிழலோடு கலந்திருப்பதால் ஒரே உடம்பு போலத் தெரிகிறது. பிலிமின் விளிம்பில் எண்கள் வரிசையாக இருக்கின்றன: ரயில் வரும் படம், ரயில் நிற்கும் படம், இது. ரயில் போய்விட்டது. அவன் போகவில்லை.

அப்போதுதான் எனக்கு மற்றது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்று சொல்வது பொய், அது மறக்கவில்லை, நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தேன். ரயில் வந்து நின்றபோது என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அய்யே, கோச்சிய ஆவா. மம யன்னத?"

அண்ணா, ரயில் வந்துவிட்டது, நான் போகட்டுமா. தட்டித் தடவிப் பேசின சிங்களம். கேட்டவுடனேயே யாழ்ப்பாணத்துப் பொடியன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "ஓடும் தம்பி" என்று இரண்டு சொல் தமிழில் சொல்லியிருந்தால் அவன் குடையை எடுத்துக்கொண்டு ரயிலில் பாய்ந்து ஏறியிருப்பான். நான் ஃபிரேமிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது கையைத் தூக்கி, பொறு என்று காட்டினேன். முத்திரை போட்ட மனிதன் பொறு என்றால் அவன் என்ன செய்வான்? பொறுத்தான். ரயில் போனது. நான் கையைத் தூக்கியபடியே, சனம் கலையும்வரை காத்திருந்து, மூன்றாவது படத்தை எடுத்தேன்.

வதனி இரண்டு கிழமை கழித்துச் சரியாக வந்தாள். இப்போது நான் செய்ததைக் கேளுங்கள். இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன், பாலமும் கொக்கும் அல்ல.

"முகம் விழுந்த படம் ஒண்டும் இல்லை, தங்கச்சி," என்றேன். அது உண்மை.

"அவன் உங்களோட ஏதும் கதைச்சவனோ?"

"இல்லை."

"கோச்சியில ஏறினதைக் கண்டனீங்களோ?"

"ஏறியிருப்பார். கோச்சி வந்தால் ஏறத்தானே செய்வினம்."

"அதையெண்டாலும் வந்து சொல்லுவீங்களோ? இப்பிடி ஒரு பொடியன் அங்க இருந்தவன், நான் கண்டனான் எண்டு மட்டும். ஒரு கடிதத்தில எழுதித் தந்தாலும் காணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பயம். என் பாஸைப் பறிப்பார்கள், என்னையும் விசாரிப்பார்கள், கமெராவும் தமிழ்ப் பெயருமாக நான் எங்கே போய் நிற்பது என்று பயம். அந்தப் பயத்தை யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. வாயைத் திறந்தால் அந்தத் தூக்கிய கையையும் சொல்ல வேண்டி வரும். அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல என்னால் முடியாது. நான் ஒரு கோழை. அவள் இன்னும் இரண்டு தரம் வந்தாள். மூன்றாம் தரம் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வருஷங்கள் போயின. யுத்தம் முடிந்தது. வதனி வெள்ளவத்தைக்கு வந்து காலி வீதியில் ஒரு கடையில் வேலை எடுத்தாள், அதனால் அடிக்கடி கண்ணில் படுவாள். கோபம் இல்லாமல் சிரிப்பாள். விடுமுறை நாட்களில் அவள் ஒரு ஸ்டேசனில் இறங்கி, அதைச் சுற்றியுள்ள தேத்தண்ணிக் கடை, சலூன், முச்சக்கர வண்டிக்காரர் எல்லோரிடமும் தம்பியின் படத்தைக் காட்டிக் கேட்கிறாள் என்று பிறர் சொல்லித் தெரியும். பம்பலப்பிட்டி முடித்து, கொள்ளுப்பிட்டி முடித்து, கொம்பனித்தெரு. பிறகு திரும்பவும் முதலிலிருந்து. நானே அவளை ஒருநாள் கொள்ளுப்பிட்டி ஸ்டேசனில் கண்டேன். நடுமத்தியான வெயிலில் ஒரு கடலைக்காரரிடம் படத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு வேலை இருந்தது. அவள் போகும்வரை காத்திருந்துவிட்டு ஸ்டேசனைப் படம் எடுத்தேன். அப்படித்தான் செய்தேன்.

நான் ஓய்வெடுத்தேன். நீங்கள் வந்தீர்கள், சங்கம் வைத்தீர்கள், என் பழைய பிலிம்களை ஸ்கேன் பண்ணிக் கண்காட்சி வைப்போம் என்று பெட்டியோடு கொண்டுபோனீர்கள். மூன்று மாதத்துக்கு முதல் உங்களில் ஒருவர் எனக்கு ஃபோனில் ஒரு படம் அனுப்பினார். யாரென்று உங்களுக்குத் தெரியும். அவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை.

"அங்கிள், வெள்ளவத்தைப் படத்தில உங்கட நிழல் விழுந்திருக்கு. ரெண்டு நிழல் மாதிரி ஒரு அசிங்கமா இருந்தது. எடுத்திட்டன். வடிவா இருக்கோ?"

பார்த்தேன். வடிவாகத்தான் இருந்தது. ஈரப் பிளாட்போம், கடல், வாங்கு. வலது மூலையில் வெறும் சீமெந்து. விரலால் ஒருதரம் தேய்த்தால் போதுமாம், ஃபோனே செய்துவிடுமாம். குடையையும் கேட்டிருந்தால் எடுத்திருக்கும்.

அவன் அங்கே நின்றான் என்பதற்கு இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்த நிழல் மட்டும்தான். அதை அழிக்க ஒரு நொடி பிடித்தது. பிலிமைத் திருப்பித் தரும்படி அன்றைக்கே உங்களுக்கு அடித்துச் சொன்னேன், கிழவனுக்கு என்ன வந்தது என்று யோசித்திருப்பீர்கள். மறுநாள் காலை வதனி வேலை செய்யும் கடைக்குப் போனேன்.

"தங்கச்சி, காணாமல் போன ஆக்களைப் பற்றி வாக்குமூலம் எடுக்கிற இடம் இப்பவும் இருக்கோ?"

அவள் ஏன் என்று கேட்கவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய ஃபைல் எப்போதும் கைப்பைக்குள்தான் இருக்குமாம்.

அந்த அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். மரியாதையாகப் பேசினார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு இளைஞர். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், ஆனால் தமிழில்தான் சொல்லுவேன் என்றேன். வதனி என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். மூன்று படத்தையும் பெரிதாகப் பிரதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மேசையில் வரிசையாக வைத்து, எண்களைக் காட்டி, நிழலைக் காட்டிச் சொன்னேன். இளைஞர் ஒவ்வொரு வசனமாகச் சிங்களத்தில் சொல்ல, அதிகாரி தட்டச்சுச் செய்தார்.

"அப்ப கோச்சி வந்து நிண்டது. அவர் பின்னால நிண்டு என்னட்டைக் கேட்டார்," என்றேன்.

"என்ன கேட்டார்?" என்றார் இளைஞர்.

சொன்னேன். அவன் கேட்ட மாதிரியே, அந்தச் சிங்களத்திலேயே சொன்னேன். அந்த ஒரு வசனத்தை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. அதிகாரியின் விரல்கள் நின்றுவிட்டன. என் வாயிலிருந்து வந்தது என் குரல் போல இருக்கவில்லை. வதனி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு தம்பி பேசியதை அவள் கேட்கிறாள்.

பிறகு நான் கையைத் தூக்கியதைச் சொன்னேன். ரயில் போனதைச் சொன்னேன். குனிந்து நிமிர்ந்ததைச் சொன்னேன். ஏதாவது வாகனம் வந்து நின்ற சத்தம் கேட்டதா என்று அதிகாரி கேட்டார். அலைச் சத்தம் இருந்தது என்றேன். இந்தக் கேள்வியை எனக்கு நானே எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன், இப்போது ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்கவும் செய்கிறது, ஆனால் அது அன்றைக்குக் கேட்டதா, பிறகு நான் சேர்த்துக்கொண்டதா என்று சத்தியம் பண்ண முடியாது என்றேன். அதையும் அப்படியே பதிந்தார்கள். இளைஞர் எல்லாவற்றையும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். நான் கையெழுத்து வைத்தேன்.

வெளியே வந்து படிக்கட்டில் வதனி இருந்துவிட்டாள். ஏசுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"அப்ப அவன் கோச்சியில ஏறேல்லை."

"ஏறேல்லை."

"நான் பம்பலப்பிட்டியில தேடினன். கொள்ளுப்பிட்டியில தேடினன். கொம்பனித்தெருவில ஒரு வீடு விடாமல் தேடினன். அங்கயெல்லாம் அவன் வரவே இல்லை."

நானும் ஒரு படி கீழே இருந்துகொண்டேன்.

"வெள்ளவத்தையில நான் ஒருத்தரையும் கேக்கேல்லை, அண்ணை. ஸ்டேசனுக்குப் பக்கத்துக் கடையள், வீடுகள், ஒண்டும். அவன் அங்கயிருந்து போயிட்டான் எண்டுதானே நீங்கள் சொன்னனீங்கள். அப்பவே கேட்டிருந்தால் ஆராவது கண்டிருப்பினம். இப்ப ஆர் இருக்கினம்?"

தெருவில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு ஃபைலைத் திறந்தாள். பேனையை எடுத்தாள். ஒரு புதுத் தாளில் வெள்ளவத்தை என்று எழுதி, கீழே கோடு போட்டாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்கள்தான் கடைசியா அங்க நிண்டனீங்கள். யோசிச்சுச் சொல்லுங்கோ. தம்பிக்குப் பக்கத்தில, உங்களுக்குப் பின்னால, வேற ஆர் நிண்டது?"

எனக்கு முன்னால் ஒருவரும் நிற்கவில்லை. அதை எந்த இடத்திலும் சத்தியம் பண்ணுவேன், படமும் இருக்கிறது. அவள் பேனையைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது, தங்கச்சி," என்றேன். "நான் திரும்பிப் பாக்கேல்லை."